இலத்தீன் படித்து எனக்கு மூளை கலங்கவில்லை எனச் சான்று கோரும் மனு

அனுப்புநர்:
செல்வி கெசையா தோர்லி,
த/பெ. ஏபல் தோர்லி (சேணம் தைப்பவர்),
தோல்பட்டறைச் சந்து,
மார்ஸ்டெட், லிங்கன்ஷயர்.

பெறுநர்:
சுகாதார மருத்துவ அலுவலர் அவர்கள்,
நகர மன்றம், மார்ஸ்டெட்.

பொருள்: மருந்துக் கடைக்காரர் திரு. ஜோசையா ஸ்னெல், என் அனுமதியின்றி எனக்கு ஒரு நோயை உண்டாக்கி, அதைத் தாமே குணப்படுத்தியதாகவும் விளம்பரம் செய்திருப்பது – என் மனநலம் குறித்துச் சான்று வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: 1. உள்ளூர் வாரப் பத்திரிகை விளம்பரம், நாள் 26.3.1887. 2. பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஆட்சிக்குழுவின் கடிதம், நாள் 4.4.1887.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இந்நகரிலேயே பிறந்து வளர்ந்தவள். என் தந்தை குதிரைச் சேணம் தைக்கிறார். தாயார் அவருக்கு மெழுகுநூல் திரித்துத் தருகிறார். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் பட்டம் பெற்றவர் எவருமில்லை. சென்ற ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகத் தேர்வில் தேறினேன். மேற்படி பள்ளியில் இலத்தீன் உதவி ஆசிரியையாக வரும் மே மாதம் பணியில் சேர வாய்மொழியாக ஒப்புதலும் கிடைத்தது. அந்தப் பணிதான் இப்போது ஆபத்தில் இருக்கிறது.

2. நான் தேறிய செய்தி வந்த ஞாயிறன்று, தேவாலய வாசலில் திரு. ஸ்னெல் என் கையில் ஒரு புட்டியைத் திணித்தார். அவர் தயாரிக்கும் 'ஸ்னெல் மூளை அமுதம்' அது. "வெச்சுக்கம்மா, வெச்சுக்க. அவ்வளவு படிச்ச தல, உள்ள அடுப்பு மாதிரி கொதிச்சுக்கிட்டு இருக்கும். காசு கீசெல்லாம் வேணாம்" என்றார். "மிக்க நன்றி" என்றேன். வாங்கி வந்துவிட்டேன்.

3. அதை நான் ஒரு சொட்டும் அருந்தவில்லை. தந்தையார் மூடியைத் திறந்து முகர்ந்தார், முகத்தைச் சுளித்தார், பின் ஒரு கந்தலில் ஊற்றி, பச்சை பிடித்துக் கிடந்த ஒரு பித்தளை வளையத்தைத் தேய்த்துப் பார்த்தார். "அடேங்கப்பா! என்னமா மின்னுது பாரு! ஸ்னெல்லு இத்தன வருஷத்துல காய்ச்சுன ஒரே நல்ல சரக்கு இதுதான்டி கெசையா" என்றார். இரண்டு வாரத்தில் பட்டறையிலிருந்த சேணங்கள் அனைத்தும் மின்னின. புட்டியும் தீர்ந்தது.

4. நம் ஊரில் பரிசு பெற்றவர் நன்றிக் கடிதம் எழுதாமல் இருந்தால் அது எத்தகைய குற்றம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஆகவே, "தாங்கள் அன்புடன் அளித்த புட்டி எங்கள் வீட்டில் மிகவும் பயன்பட்டது. முழுவதும் தீர்ந்துவிட்டது. தந்தையார் தங்களை வாயாரப் புகழ்கிறார்" என்று எழுதி அனுப்பினேன். எதற்குப் பயன்பட்டது என்று எழுதினால் கொடுத்தவர் மனம் நோகும் என்று அதை மட்டும் விட்டுவிட்டேன். இவ்விவகாரத்தில் என் பிழை என்று நான் ஒப்புக்கொள்வது இந்த ஒன்றைத்தான்.

5. அந்த மூன்று வரிகள் பார்வை 1-இல் காணும் விளம்பரத்தில் முப்பத்தொரு வரிகளாக வளர்ந்திருக்கின்றன. அதன்படி, இலத்தீன் வினைச்சொற்கள் என் மூளையில் ஏறி வீக்கம் கண்டன. தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. தொப்பி மாட்டும் கம்பத்தைப் பேராசிரியர் என்று எண்ணி வணங்கினேன். வீட்டுப் பூனையிடம் இலத்தீனில் பேசினேன். ஆறு புட்டி அமுதத்தில் குணமடைந்தேன். தாயாருக்கு இதை வாசித்துக் காட்டியபோது அவர் நூல் திரிப்பதை நிறுத்திவிட்டு, "நம்ம வீட்ல பூனையே இல்லையேடி" என்றார். அச்சிட்டுள்ள படமும் என்னுடையது அன்று. அதே முகம் சென்ற ஆண்டு அதே பத்திரிகையில், நாடாப்புழுவிலிருந்து மீண்ட லீட்ஸ் நகரத்துச் சீமாட்டியாக வந்திருந்தது.

6. இதைப் படித்த ஆட்சிக்குழுத் தலைவர், பாதிரியார் திரு. ஓட்வே அவர்கள் என்னை அழைத்தார். மிகுந்த கனிவோடு, "தப்பா நெனச்சுக்காதீங்க மிஸ் தோர்லி. இப்ப எப்படி இருக்கு? கம்பத்தப் பாத்தா கம்பமாத்தான தெரியுது?" என்று கேட்டார். விளம்பரம் பொய் என்று கூறினேன். அவர் தம் வீட்டில் வாங்கி வைத்திருந்த அமுதப் புட்டியை எடுத்துக் காட்டி, "அரசாங்க முத்திரை ஒட்டியிருக்கே அம்மா! அரசாங்கம் பொய் சொல்லுமா?" என்றார். அது மருந்துக்கு வரி கட்டியதற்கான முத்திரை. மருந்து மெய் என்பதற்கான முத்திரை அன்று. இதை நான் எடுத்துச் சொல்ல வாயெடுப்பதற்குள் தேநீர் வந்துவிட்டது. பின்னர் வந்ததே பார்வை 2-இல் காணும் கடிதம். ஏப்ரல் 16-ஆம் தேதிக்குள் தங்கள் கையொப்பமிட்ட மனநலச் சான்று அளிக்காவிட்டால், 18-ஆம் தேதிக் கூட்டத்தில் பணி வேறொருவருக்கு வழங்கப்படும் என்று அதில் கண்டுள்ளது.

7. இதை நேரில் பேசித் தீர்த்திருக்கலாமே என்று தாங்கள் வினவலாம். மூன்று முறை முயன்றேன். முதல் முறை திரு. ஸ்னெல்லின் கடையிலிருந்து இரண்டு கட்டி சோப்புடன் திரும்பினேன். இரண்டாம் முறை இருமல் மிட்டாய். மூன்றாம் முறை என்ன ஆனாலும் சரி என்று உள்ளே நுழைந்தேன். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தனர். "வாங்க வாங்க! எல்லாரும் பாத்துக்கங்க, இந்தத் தாயி எழுந்து நடமாடுதுன்னா அதுக்கு யாரு காரணம்?" என்று அவர் உரக்கக் கேட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். கால் ஆணிக்கான பிளாஸ்திரி ஒன்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்குக் கால் ஆணி கிடையாது. எனவேதான் எழுத்தில் முறையிடுகிறேன்.

8. இம்மனுவை நான் இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் சென்ற செவ்வாய்க்கிழமை கசாப்புக் கடைத் திருமதி டப் என்னைத் தெருவில் நிறுத்தினார். தம் மகள் டில்லியைப் பள்ளிக்கு அனுப்பவே மாட்டேன், படித்தால் பெண்ணுக்கு மண்டை காய்ந்துவிடும் என்று மூன்றாண்டுகளாகச் சொல்லி வந்தவர் அவர். இப்போது, "சேத்துட்டேம்மா! அதான் புட்டி இருக்கே, அப்புறம் என்ன பயம்? நீயே பொழச்சு வந்துட்ட. எம்பொண்ணு வைரம் பாஞ்ச கட்ட, இலத்தீனோ கிலத்தீனோ, ஒரு கை பாத்துருவா!" என்றார். விசாரித்ததில், விளம்பரம் வந்த பிறகு பள்ளியில் புதிதாகப் பெயர் கொடுத்திருக்கும் பெண்கள் ஒன்பது பேர் என்று தெரிந்தது. ஒன்பது தாய்மாரும் புட்டியை நம்பியே அனுப்புகிறார்கள்.

9. ஆகவே என் நிலை தங்களுக்கு விளங்கும். புட்டி பொய் என்று ஊரறியச் சொன்னால் ஒன்பது பெண்களும் வீட்டுக்குத் திரும்பக்கூடும். சொல்லாவிட்டால், பித்தளையின் பச்சையை எடுக்கும் ஒரு திரவத்தை அவர்கள் நாள்தோறும் இரண்டு கரண்டி குடிப்பார்கள். டில்லி மட்டும் அதைத் தாயார் அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து சன்னல் ஓரத்து ஜெரேனியம் தொட்டியில் ஊற்றிவிடுவதாக என்னிடம் இரகசியமாகக் கூறினாள். அந்தச் செடியை நானும் பார்த்தேன். அது பிழைக்காது. இரண்டு இரவு யோசித்தேன். பிள்ளைகளின் வயிற்றைப் பணயம் வைத்து எனக்கு மாணவிகள் வேண்டாம் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

10. எனவே தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வன:

(அ) தாங்கள் குறிக்கும் நாளில் என்னைச் சோதித்து, 16-ஆம் தேதிக்குள் சான்று வழங்க வேண்டும். எத்தனை கம்பங்களை வேண்டுமானாலும் அறையில் நிறுத்தி வைக்கலாம். என் முடியை இழுத்துப் பார்ப்பதற்கும் ஆட்சேபணை இல்லை. கேள்விகளுக்கு விடையளிக்கையில் என் குரல் மிகத் தாழ்ந்திருந்தால், அதை நோய் என்று கொள்ள வேண்டாம். அது பிறவியிலேயே உள்ளது.

(ஆ) இணைப்பில் உள்ள புட்டியை (சோதனைக்கென்று தாயார் புதிதாக வாங்கியது; பாதியைத் தந்தையார் பித்தளைக்கு எடுத்துக்கொண்டார்) சோதித்து, குடிக்கத் தகாதது என்றால் உடனே விற்பனையை நிறுத்த வேண்டும். திரு. ஸ்னெல் நட்டப்பட வேண்டும் என்பது என் நோக்கம் அன்று. பித்தளை துலக்க என்று அச்சிட்டு அவர் விற்பாரானால், என் தந்தை மாதம் இரண்டு புட்டி வாங்கத் தயாராக இருக்கிறார்; நற்சான்றும் தருவார்.

(இ) விற்பனை நிறுத்தப்பட்டால், தாய்மார்களின் அச்சம் தீருமாறு ஓர் அறிவிப்பை, விளம்பரத்தில் உள்ள அதே பெரிய எழுத்தில், தங்கள் பெயரால் வெளியிட வேண்டும். என் பெயரை அதில் சேர்த்துக்கொள்ளலாம். அதை ஊரார் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

(ஈ) திரு. ஸ்னெல்லின் கடைச் சன்னலில், சிவப்புக் கண்ணாடிக் குடுவைக்குக் கீழே ஒட்டியுள்ள அதே விளம்பரத்தைக் கிழித்தெறிய உத்தரவிடும்போது, ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் விட்டுவைக்க வேண்டும். கீழிருந்து மூன்றாவது வரி அது. முப்பத்தொன்றில் மெய் அது ஒன்றுதான். டில்லி பள்ளிக்குப் போகும் வழியும் அந்தச் சன்னலைத் தாண்டித்தான். "செல்வி தோர்லி இலத்தீன் முழுவதும் படித்தார்; இன்று நலமாக இருக்கிறார்."

தங்கள் அழைப்பு வரும் நாளில், காலையோ மாலையோ, தவறாமல் வந்து நிற்பேன். வழியில் ஸ்னெல் கடை இருக்கிறது. இம்முறை எதுவும் வாங்க மாட்டேன்.

இணைப்பு: பாதி நிறைந்த புட்டி ஒன்று; துலக்கிய பாதியும் துலக்காத பாதியுமாகப் பித்தளை வளையம் ஒன்று; வாடிய ஜெரேனியம் இலை ஒன்று (டில்லியின் பெயரை அவள் தாயாரிடம் தெரிவிக்க வேண்டாம்).

இடம்: மார்ஸ்டெட்
நாள்: 7.4.1887

பணிவுடன்,
கெசையா தோர்லி, பி.ஏ.