சைக்கிளுக்கு லாரிக் குரல்

மார்ச் 3, செவ்வாய்

ஏழாம் வகுப்பில் ஒருத்தி முன்பு கேட்டாள்: "டீச்சர், ஹார்னுக்குள்ள யாரு கத்துறா?"

தகடு என்றேன். காந்தம் அதை 'வா' என்று இழுக்கும். வந்து சேர்ந்ததும் மின்சாரம் அறுந்து, 'போ' என்று விட்டுவிடும். நொடிக்கு நானூறு தடவை வா, போ என்றால் யார்தான் கத்தமாட்டார்கள்?

இன்று அந்தத் தகடு எனக்கே வேண்டியிருக்கிறது. பின்னோக்கி வந்த ரொட்டி வேன் என்னைச் சைக்கிளோடு தள்ளிவிட்டது. மணி அடித்துக்கொண்டேதான் இருந்தேன், ஓட்டுநருக்குக் கேட்கவில்லை. முழங்கையில் சிராய்ப்பு. மகள் போனில் சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவை ஏதாவது ஆச்சு, சைக்கிளை வித்துடுவேன்மா."

விற்றால்? என் முட்டியோடு நூலகம் வரை நடக்க முடியாது. யாராவது கூட்டிப்போக வேண்டும் என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பதா?

மார்ச் 5

பழைய இரும்புக் கடையில் ஒரு லாரி ஹார்ன். கூடையில் வைக்கப் பழைய யு.பி.எஸ். பேட்டரி. அழுத்த, வீட்டு அழைப்புமணியின் பொத்தான்.

மார்ச் 6

அழுத்தினேன். கத்தியது. விரலை எடுத்தேன் — நிற்கவில்லை. பொத்தானின் உள்தகடுகள் சூட்டில் ஒட்டிக்கொண்டன. வயரைப் பிடுங்குவதற்குள் என் வீட்டுக்காரர் பாதிச் சவரத்தோடு வந்து நின்றார். "டீச்சர், லாரியை வெளியில நிறுத்தக்கூடாதா?"

சைக்கிள் கடைக்காரர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "ரிலே வைங்க." சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் கருவி. முப்பது வருடம் நான் நடத்திய பாடம்.

மார்ச் 9

ரிலே வைத்தாயிற்று. அதே ரொட்டி வேன், அதே சந்து. ஒரு அழுத்து. வேன் நின்றது. ஓட்டுநர் இறங்கி என் தலைக்கு மேலே தேடினார்.

"லாரி எங்கம்மா?"

"நான்தான்பா."

மார்ச் 10

தப்பு செய்துவிட்டேன்.

அவர் முன்னால் நடந்துகொண்டிருந்தார். விளையாட்டாக அழுத்தினேன். லாரிக்கு வழிவிடுகிறவர் மாதிரி ஒரே தாவு — சாக்கடைக்குள். கணுக்கால் பிசகிவிட்டது.

"ஏங்க, நான்தாங்க."

"தெரியுது. லாரிக்காரனா இருந்தா இந்நேரம் இறங்கி வந்து தூக்கியிருப்பான்."

சாயங்காலம் மகள் பேசினாள். போன் அவர் கையில். முடிந்தது என்றே நினைத்தேன். இத்தனை பாடுபட்டு, நான் விழாமல் இந்த மனுஷனைத் தள்ளிவிட்டேனே. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "காலா? அது... வழியில ஒரு லாரி. ஓட்டத் தெரியாத ஆளு. பேர் தெரியலம்மா."

மார்ச் 12

பக்கத்து மருத்துவமனைக்கு அவரை கேரியரில் உட்காரவைத்து, முட்டி வலிக்க நின்று நின்று தள்ளிக்கொண்டு போனேன். பொத்தானைக் கையில் வாங்கிக்கொண்டார். ஆள் இல்லாத தெருவிலும் திருப்பத்துக்குத் திருப்பம் ஹார்ன். "ஏங்க, போதும்" என்றால், "உனக்குக் கேக்குதான்னு பார்த்தேன்."

சைக்கிள் கடைக்காரர் செய்முறை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். முதல் வரியை மட்டும் இங்கேயே எழுதிப் பார்க்கிறேன்:

மாட்டியதும் தெருவுக்குப் போகாதீர்கள். உங்களுக்கு வேண்டிய ஒருவரை இருபது அடி தள்ளி நிற்கவைத்து, முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒரே ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.