உடையாத வளையம்

அன்புள்ள என் வாலுப் பெண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். அண்ணன் வீடு மாறிவிட்டான், அங்கே மாடி ஏறினால் அம்மாவுக்கு முட்டி வலி, மற்றபடி குறையில்லை. இதைப் போனில் சொல்ல மூன்று தடவை எடுத்தேன், உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

போன வாரம் நான் வேலை பார்க்கும் லேபில் அலமாரியை ஒழித்தபோது, நீ இங்கே படிக்கையில் சோதனைக்கு வைத்திருந்த இரண்டு சிலிக்கான் சில்லும் கிடைத்தது. காந்தமே இல்லாமல், காந்தத்துக்குள் இருப்பதாக வெளிச்சத்தை ஏமாற்றி ஓரத்தோடு ஓட வைப்பாயே, பொடி வளையங்களை வரிசையாகப் பதித்த அந்தச் சில்லுதான். நடுவழியில் ஒரு வளையத்தை எடுத்துவிட்டாலும் வெளிச்சம் திரும்பாமல் அந்த ஓட்டையைச் சுற்றிக்கொண்டு போகிறது என்று கட்டுரை எழுதிக் காட்டினதற்குத்தானே இப்போது இருக்கிற இடத்தில் உனக்கு வேலை கொடுத்தார்கள். ஆசையாக மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். வளையம் எடுத்தது என்று எழுதின டப்பாவில் இருந்த சில்லில் எல்லா வளையமும் முழுசாக இருந்தது. முழுசு என்று எழுதினதில்தான் ஓட்டை. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். இரண்டு டப்பாவிலும் என் கையெழுத்து கண்ணு. எடுத்துக் கொடுத்தவனும் நான்தான், நீ என்னை நம்பி, வளையம் எடுத்தது என்று எழுதினதை மட்டும் அளந்தாய்.

யாருக்கும் தெரியாததை ஏன் கிளறுகிறீர்கள், பெண் இப்போதுதான் காலூன்றியிருக்கிறாள் என்று அம்மா அழுதாள். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் புதிதாகச் சேர்ந்த மாணவி, உன் கட்டுரையைப் பார்த்து ஆறு மாதமாகச் செய்தும் வரவில்லை, எனக்குத்தான் கைத்திறன் போதாது, படிப்பை விட்டுவிடுகிறேன் என்று என்னிடமே வந்து சொன்னாள். அதற்கு மேல் பொறுக்கவில்லை, பேராசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். மறுபடி அளந்தோம். நிஜ ஓட்டைக்கிட்டே வந்ததும் பாதி வெளிச்சம் சிதறிவிட்டது. அவர் திட்டவில்லை, முதலில் நீங்களே உங்கள் பெண்ணிடம் சொல்லுங்கள், பத்து நாள் பொறுத்துக் கட்டுரை வந்த பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்றார்.

உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். கேட்டு, நீ வேண்டாம் என்றிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன், அந்தப் பயத்தில்தான் கேட்கவில்லை.

கட்டுரை தப்பு என்று அவருக்கு முந்திக்கொண்டு நீயே பத்திரிகைக்கு எழுது. டப்பாவை மாற்றினது அப்பா என்று கூச்சப்படாமல் போடு. என்மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் அம்மாவின் போனை எடுக்காமல் இருக்காதே.

எங்கே இருந்தாலும் நீ தலை நிமிர்ந்து, நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா