சட்டையைப் பிடித்து இழுக்க ஓர் ஆள்

அன்பு மனைவிக்கு,

நலம். அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா?

கார் இல்லாதவனுக்குப் கம்பெனியின் புதுக் கிளையில் வேலை இல்லையாம். அதனால் ஷோரூமுக்குப் போனேன். விளம்பர விலை வண்டிக்கு மட்டும்தான். கால் மிதிக்கும் பாய்க்குக்கூடத் தனி விலை. குறைக்கச் சொன்னேன். விற்பனையாளர் கண்ணாடி அறைக்குள் மேனேஜரோடு சிரித்துக் காபி குடித்துவிட்டு, நெற்றியைத் துடைத்தபடி வந்தார்.

"உங்களுக்காக உள்ள சண்டையே போட்டேன் சார். இன்னிக்கு விட்டா இந்த ரேட் கிடையாது."

பேனாவைத் திறந்து என் கையில் வைத்தார். கட்டில் வாங்கியபோது நீ 'வாங்க போகலாம்' என்று என் சட்டையைப் பிடித்து இழுத்ததும் கடைக்காரர் விலையில் இறங்கி வந்தாரே! இங்கே இழுக்க ஆளில்லை. கழிவறைக்கு வழி கேட்டுத் தப்பினேன். கவலைப்படாதே, கையெழுத்துப் போடவில்லை.

அடுத்த சனிக்கிழமை மறுபடி போகவேண்டும். காலையில் கூப்பிட்டு, "அந்த வண்டி வேணாம், எந்திரிச்சு வாங்க"ன்னு சத்தமாகத் திட்டு. ஸ்பீக்கரில் போடுகிறேன். நான் வெளியே வந்ததும் போனை வைத்துவிடாதே. நான் தங்கியிருக்கும் அறை வரைக்கும் திட்டிக்கொண்டே வா.

பஸ் வந்துவிட்டது.

உன்னவன்