செவ்வாய்க்கிழமை புதைக்கப்பட்ட சிஸ்டர் அச்சியாவுக்குச் சனிக்கிழமை துக்கச் சடங்கு நடத்த அனுமதி கோரும் மனு

அனுப்புநர்
ஒப்பிரி அட்டகோரா, எம்.ஏ.,
மேல்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியர்
(பணிமூப்புப்படி தலைமையாசிரியராக இருந்திருக்க வேண்டியவர்),
மீன் புகைக்கும் கொட்டகைக்குப் பின் வீடு,
அசுபிரிசோ, அஷாந்தி பகுதி, கானா.

பெறுநர்
நகராட்சி முதன்மை நிர்வாகி அவர்கள்,
நகராட்சி அலுவலகம்,
அசுபிரிசோ.

பொருள்: தொலைக்காட்சித் தொடரில் காலமான மருத்துவச்சி சிஸ்டர் அச்சியாவின் துக்கச் சடங்குக்கு லாரி நிறுத்தத் திடலும் ஒலிபெருக்கியும் தர மறுத்த ஆணையை ரத்து செய்து, வரும் 14.09.2024 சனிக்கிழமைக்கு அனுமதி வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. சந்தைப் பெண்கள் சார்பில் நான் அளித்த விண்ணப்பம், நாள் 03.09.2024.
2. அனுமதிப் பிரிவு அலுவலர் திரு. பாஃபோவின் மறுப்பு, நாள் 05.09.2024.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். இந்த நகராட்சிக்கு நான் இதுவரை பதினாறு மனுக்கள் எழுதியுள்ளேன். எதன் மீதும் நடவடிக்கை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒன்றின் மீது எடுத்தார்கள். அதனால் வந்த துன்பம்தான் இந்தப் பதினேழாவது மனு.

1. நம் ஊர்த் தொலைக்காட்சி நிலையத்தில் வியாழன்தோறும் மாலை ஏழு மணிக்கு வரும் 'மூன்றாம் வார்டு' என்ற தொடரை எழுதுகிறவன் நான். அதில் நூற்று முப்பத்தாறு வாரம் மருத்துவச்சியாக இருந்தவர் சிஸ்டர் அச்சியா. வலியில் துடிக்கும் பெண்ணிடம், "கத்தும்மா, நல்லா கத்து. உம் புருசன் வேல செய்யற எடம் வரைக்கும் கேக்கட்டும். அவனும் கொஞ்சம் படட்டும்" என்று சொல்லிவிட்டுத் தானே உரக்கச் சிரிப்பார். தாங்கள் பார்த்ததில்லை என்றால் தங்கள் ஓட்டுநரைக் கேட்கவும்.

2. அச்சியாவாக நடித்த அம்மையாருக்குக் கனடாவில் உள்ள மகளிடம் போக விசா கிடைத்துவிட்டது. பாத்திரத்தையும் வேறு ஊருக்கு மாற்றிவிடலாம் என்றார் நிலைய மேலாளர் திரு. லார்யா. நிறைமாதக்காரிகளை விட்டுவிட்டு அச்சியா இடமாற்றத்தில் போனார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆகவே அவர் இறந்தார். ஆகஸ்டு 15ஆம் தேதி ஒளிபரப்பு. மழையில் சிற்றுந்து பாலத்தின் மேல் நின்றுவிடுகிறது. ஆண்கள் இறங்கி நனைகிறார்கள். பெண்கள் தங்கள் மேல்துணிகளை அவிழ்த்துத் திரையாகப் பிடிக்கிறார்கள். குழந்தை பிறக்கிறது. அச்சியா வண்டிப் படியில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டே, "பேரு என்ன வெக்கப் போற?" என்று கேட்கிறார். அந்தப் பெண் வெகுநேரம் யோசித்து ஒரு பெயர் சொல்கிறாள். அதைக் கேட்க அச்சியா இல்லை. அன்று மாலை நம் ஊரில் இரவுச் சாப்பாட்டுக்கு மரவள்ளி ஃபுஃபு இடிக்கும் உலக்கைச் சத்தம் ஒரு வீட்டிலும் கேட்கவில்லை. இதைப் பெருமைக்காகக் கூறவில்லை. சான்றாகக் கூறுகிறேன்.

3. குற்றம் அதற்கு அடுத்த வாரம் நடந்தது. நம் வழக்கப்படி நான்கு வாரத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தேன்: குடும்பத்தார் கூடிப் பேசுவது, ஒரு வார அனுசரிப்பு, சனிக்கிழமை அடக்கம், ஞாயிறு வெள்ளை உடுத்தி நன்றி வழிபாடு. கால்பந்துப் போட்டிக்கு நேரம் வேண்டும் என்று திரு. லார்யா நான்கையும் தூக்கிப் போட்டுவிட்டுத் தாமே ஒரு காட்சி எடுத்தார். ஒரு பெட்டி, ஒரு மண்வெட்டி, முதுகைக் காட்டி நிற்கும் ஒருவர், "செவ்வாக்கெழமையே எல்லாம் முடிஞ்சிருச்சு" என்று ஒரு வசனம். உடனே பாக்கெட் தண்ணீர் விளம்பரம். இருபத்தெட்டு நொடி. திரு. லார்யாவின் சொந்த மாமா ஏழு வாரம் பிணவறையில் காத்திருந்து, ஐந்து நாள் சடங்கோடு போய்ச் சேர்ந்தவர். அதற்கு எனக்கு அழைப்பு வரவில்லை. அது வேறு விஷயம்.

4. மறுநாள் காலை சந்தைக்குப் போனேன். தக்காளி வியாபாரிகளின் தலைவி மாமே பிரேவாவைத் தாங்கள் அறிவீர்கள். ஊரே அவரைத் தக்காளி ராணி என்றுதான் அழைக்கிறது. "வாத்தியாரே, அங்கயே நில்லு. கூடையத் தொடாத" என்றார். "அறுநூறு புள்ள புடிச்ச கை அது. கோழித் திருடனக்கூட நம்மூர்ல இப்படிச் செவ்வாக்கெழம பொதைக்க மாட்டாங்களே. துக்கத்துக்கு ஒரு செவப்புத் துணி உண்டா? ஒரு மேளம் உண்டா? வந்தவங்களுக்கு ஒரு வாய் தண்ணி உண்டா?" அது கதை என்று எடுத்துச் சொன்னேன். "கதைன்னா எனக்கு ஏன் வாத்தியாரே எண்ணிக்க மறந்துபோவுது? ஒரு குவியல்ல நாலு தக்காளி வெக்கிறேன், பக்கத்துல ஏழு வெக்கிறேன். வாங்க வந்தவளுங்க சிரிக்கிறாளுங்க" என்றார். பக்கத்துக் கடை மிளகாய்க்காரப் பெண், "அவருக்கு அந்த மண்வெட்டியக் குடுக்கா, கொழம்பு வெச்சுத் தின்னட்டும்" என்றார். நான்கு வாரம் எழுதியதும் நானே, அதை வெட்டியது வேறொருவர் என்பதைக் கேட்கச் சந்தையில் ஒருவருக்கும் பொறுமை இல்லை. அந்த நேரம் முதல் எனக்குத் தக்காளி இல்லை, மிளகாய் இல்லை, மரவள்ளி இல்லை. முடிதிருத்துகிறவர் பாதித் தலையில், தமக்கு வீட்டில் துக்கம் என்று சொல்லிக் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார்.

5. ஒன்பது நாள் கொள்கையோடு இருந்தேன். பத்தாம் நாள் சந்தைப் பெண்கள் பதினோரு பேர் என் வாசலுக்கு வந்தார்கள். அச்சியாவுக்குத் தாங்களே முறையாகச் சடங்கு செய்யப்போவதாகவும், விண்ணப்பமும், சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் வாழ்க்கைக் குறிப்புப் புத்தகமும் நான் எழுத வேண்டும் என்றும் சொன்னார்கள். "ஊர்ல வேற யாருக்கு மனு எழுத வரும்? வேல மெனக்கெட்டு அதத்தான எழுதிக்கிட்டிருக்கீங்க" என்றார் மாமே பிரேவா. கனடாவிலிருந்து அந்த அம்மையாரும் குரல் செய்தி அனுப்பியிருந்தார். "செவுத்துல ஒட்டற நோட்டீஸ்ல எம் போட்டோவ நல்லா பெருசா போடுங்க. அந்த மஞ்சக் கவுன் போட்டோ மட்டும் வேணாம். அதுல நான் செத்த மாதிரியே இருக்கேன்."

6. விண்ணப்பத்தை நேரில் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டனுப்பிய திரு. பாஃபோ, முழுவதும் படித்துவிட்டு, "பொணம் எங்க சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பொதைக்க அனுமதிச் சீட்டு? பிணவறைச் சீட்டு?" இல்லை என்றேன். "அப்ப ஒலிபெருக்கி இல்ல. நாலாவது விதி." இவ்வளவு மூடத்தனமான விதியை எழுதியவர் யார் என்று கேட்டேன். அவர் எழுந்து போய் ஒரு கோப்பை எடுத்து வந்து என் முன்னால் விரித்தார். 2019இல் நான் அளித்த மனு அது. துக்கச் சடங்கு என்ற பெயரில் கண்டவர்கள் கண்ட இடத்தில் ஒலிபெருக்கி கட்டுவதால் விடைத்தாள் திருத்த முடியவில்லை என்றும், அடக்கச் சீட்டு இணைக்காதவர் எவருக்கும் அனுமதி கூடாது என்றும் எட்டுப் பக்கம் எழுதியிருந்தேன். "உங்க வார்த்தய ஒண்ணுகூட மாத்தாம அப்படியே விதியாக்கிட்டோம் சார். அப்ப இருந்த பெரிய சார் பாராட்டினாரு" என்றார் திரு. பாஃபோ. அந்த மனுவின் நடை மிக நன்றாக இருந்தது என்பதை நானும் மறுக்கவில்லை.

7. "இன்னிக்கி நர்சுக்குன்னு வருவீங்க, நாளைக்கி வில்லன் செத்தா அவனுக்கும் ரோட்ட மூடணும்பீங்க" என்றும் அவர் சொன்னார். பதில்: இத்தொடரில் இதுவரை நால்வர் இறந்துள்ளனர். மருந்து திருடிய கிடங்குக்காரர் இறந்தபோது சந்தையில் கை தட்டினார்கள். துக்கச் சடங்கு வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. யாருக்காக அழுவது என்பது மக்களுக்குத் தெரியும். அதற்குத் தனி விதி தேவையில்லை.

8. அடுத்து எழுதுவது மறுப்பாணையோடு நேரடித் தொடர்பில்லாதது. எனினும் உண்மைகளை மறைத்து மனு எழுதுவது என் வழக்கம் அல்ல. என் அக்கா ஃபிரேமா நம் ஊர் அரசு மகப்பேறு இல்லத்தில் இருபத்தாறு ஆண்டு மருத்துவச்சியாக இருந்தவர். 2020 மே மாதம் காலமானார். தொற்றுநோய்க் காலம். இருபத்தைந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்று அரசாணை. மே 12 அன்று, செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாசலில் காவலர் ஒருவர் எண்ணிக்கொண்டே உள்ளே விட்டார். நான் இருபத்திரண்டாவது ஆள். தடை நீங்கிய பிறகு முறையான சடங்கைச் செய்யலாம் என்றிருந்தோம். அது யார் தலைமையில் என்பதில் எனக்கும், எங்கள் வம்சத்துக்கு மூத்தவரான குடும்பத் தலைவருக்கும் கருத்து வேறுபாடு ஏற்பட்டு, நாலு ஆண்டாக நடக்கவில்லை. தவறு யார் மீது என்பதை விளக்கித் தனியாக ஒரு மனு தயாராக இருக்கிறது. அதை இப்போது அனுப்பவில்லை.

9. அச்சியாவின் வாழ்க்கைக் குறிப்பை எழுதி எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். பிறந்த ஊர், படித்த பள்ளி, பெற்றோர் எல்லாம் கற்பனையாகவே எழுதியிருந்தேன். மாமே பிரேவாவுக்கு எழுத்து வராது. மிளகாய்க்காரப் பெண் வாசித்தார். பாதியிலேயே மாமே பிரேவா நிறுத்தச் சொன்னார். "இதுல எழுதியிருக்கற ஊர்லயா வாத்தியாரே பொறந்தா ஃபிரேமா?" என்று கேட்டார். "எம் மூணாவது புள்ள அவ கையில பொறந்தது. இவளோடது ரெண்டு. அந்தச் சிரிப்பு யாரோடதுன்னு எங்களுக்குத் தெரியாதா? முதல் வாரமே தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தோம், நீங்கதான் யார்கிட்டயும் பேச மாட்டீங்களே." பிறகு கூடையிலிருந்து தக்காளி எடுத்து என் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "அன்னிக்கி கல்லறச் செவுத்துக்கு வெளிய நின்னோம் நாங்கல்லாம், எண்பது பேரு. உங்களுக்குத் தெரியாது, நீங்க உள்ள இருந்தீங்க. இந்த வாட்டி உள்ள வந்து உக்காரணும்."

எண்பது பேர் நின்றது எனக்கு நாலு ஆண்டாகத் தெரியாது. குறிப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்தி எழுதினேன். இப்போது அதில் இரண்டு பெயர்கள் உள்ளன. நகல் இணைத்துள்ளேன். இரண்டாவது பெயருக்கு உரிய அடக்கச் சீட்டையும் இணைத்துள்ளேன். அதில் உள்ள தேதி பழையது என்று திரு. பாஃபோ சொல்லக்கூடும். சீட்டு எத்தனை நாள் செல்லும் என்று நாலாவது விதியில் எங்கும் இல்லை. அதை எழுதியவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்.

ஆகவே தாங்கள் கருணைகூர்ந்து, மேற்படி மறுப்பாணையை ரத்து செய்யவும், சனிக்கிழமை காலை ஆறு மணி முதல் மாலை நாலு மணி வரை லாரி நிறுத்தத் திடலைத் தரவும், சந்தைச் சாலையில் வண்டிகளை மாற்றுவழியில் விடவும் கேட்டுக்கொள்கிறேன். ஒலிபெருக்கி நான்கு கேட்டிருந்தோம். ஆறாகத் திருத்திக்கொள்ளவும். அக்கம்பக்கத்தில் ஆட்சேபம் உண்டா என்று விசாரிப்பது வழக்கம். ஆட்சேபிக்கக் கூடியவன் இந்தத் தெருவில் நான் ஒருவன்தான். எனக்கு ஆட்சேபம் இல்லை. சிவப்புத் துணி தைக்கக் கொடுத்தாகிவிட்டது. சமையலுக்கு மரவள்ளியை வியாழனே ஊறவைக்க வேண்டும் என்பதால் புதன்கிழமைக்குள் ஆணை கிடைத்தால் நலம். மறுப்பதானால் எழுத்தில் மறுத்து, அதைச் சந்தையில் மாமே பிரேவாவின் முன் நின்று வாசித்துக்காட்ட ஓர் அலுவலரையும் நியமிக்கவும். அந்தப் பணியை என்னிடம் ஒப்படைக்க வேண்டாம்.

தாங்களும் சடங்குக்கு வர வேண்டும். குடும்பத்தார் வரிசையின் முதல் நாற்காலியில் என்னை உட்காரவைப்பதென்று பெண்கள் முடிவு செய்துவிட்டார்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் நான் எழுந்து கை கொடுக்க வேண்டும். திரு. லார்யா வருகிறார். அனுமதி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் விடுப்பு போட்டுவிட்டதாகத் திரு. பாஃபோ சொல்கிறார். எங்கள் குடும்பத் தலைவருக்கும் மாமே பிரேவா ஆள் அனுப்பிவிட்டார், வருவதாகச் செய்தி. இவர்கள் எவருக்கும் இனிக் கை கொடுப்பதில்லை என்று வெவ்வேறு ஆண்டுகளில் நான் தீர்மானித்திருந்தேன். வரும் சனிக்கிழமை கொடுக்கச் சித்தமாக இருக்கிறேன். அதற்கு ஓர் இடம் மட்டும் வேண்டும்.

இடம்: அசுபிரிசோ
நாள்: 09.09.2024

இப்படிக்கு,
ஒப்பிரி அட்டகோரா
(மறைந்தவரின் தம்பி)

இணைப்பு: வாழ்க்கைக் குறிப்பு நகல், அடக்கச் சீட்டு, நாள் 12.05.2020; சந்தைப் பெண்கள் இருநூற்றுப் பதினான்கு பேரின் கையொப்பமும் கைநாட்டும்.