ஊற்றுக்கு மேலே எரிந்த புல்

பசறை, ஆவணி

மதிப்புக்குரிய அக்கா,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், என் ஆங்கில வகுப்பும் ஒழுங்காக நடக்கிறது.

மாடுகளுக்கு இளம்புல் துளிர்க்கட்டும் என்று இங்கே காய்ந்த மலைக்குத் தீ வைப்பார்கள். புரட்டாசி முடியும்வரை மழையில்லை, வெயில் இன்னும் கூடும் என்று வானொலி சொன்னதைப் பக்கத்து லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டில் இருக்கும் பெரியாயியிடம் எடுத்துச் சொன்னேன்.

"ஒரு தூறல் விழுந்தா அணைஞ்சிடுங்க டீச்சரம்மா. ரேடியோவா மாடு மேய்க்குது?" என்று சிரித்துக்கொண்டே ஊற்றுக்கு மேலிருந்த புல்லுக்குத் தீ வைத்தாள்.

அந்தத் தீ ஊற்றைச் சுற்றியிருந்த மரங்களையும் அதிலிருந்து எங்களுக்குத் தண்ணீர் வரும் பிளாஸ்டிக் குழாயையும் விழுங்கிவிட்டது. மீதி ஊற்றை வெயில் குடித்துவிட்டது. இன்று பெரியாயி வெறுங்குடத்துடன் என் வாசலில் நின்றாள். திட்டவும் எனக்கு மனம் வரவில்லை.

புகை தாங்கவில்லை. நனைத்து ஜன்னலில் தொங்கவிட உங்கள் பழைய சேலை இரண்டு கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். அனுப்ப வேண்டாம் அக்கா. நனைக்கத் தண்ணீர் இல்லை.

கடிதம் கொண்டுபோகும் பஸ் வந்துவிட்டது.

தங்கை,
ஞானேஸ்வரி