நேராக்காத இடது கை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்துவிட்டேன், அதில் முக்கால்வாசி உண்மை, மீதிக் கால்வாசிக்காகத்தான் இந்தக் கடிதம். நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன், என் நம்பிக்கையைக் கெடுக்காதே. தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஹலோ சொல்லும்போதே உனக்குப் பாதி தெரிந்துவிடும், மீதியைச் சொல்வதற்குள் உன் அப்பா போனைப் பிடுங்கி வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். காலையிலிருந்து நாலு முறை உட்கார்ந்தேன், நாலு முறை எழுந்துவிட்டேன். துணி மடித்தேன், மடித்ததையே உதறி மறுபடி மடித்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் இடது கை சரியில்லை. வலி கிடையாது, வீக்கம் கிடையாது, நீ பதறாதே. அது பின்தங்குகிறது. நீ போட்டுக்கொடுத்துவிட்டுப் போன இசை சாஃப்ட்வேர்தான் அதைக் காட்டிக்கொடுத்தது, வரிசையாகச் சொன்னால்தான் உனக்குப் புரியும்.

ஒரு குறும்படத்துக்கு இசை போடப் போகிறேன் என்று சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாய் அல்லவா, அந்தப் படத்தில் ஆரம்பித்ததுதான் இது. டைரக்டர் பெண் நம் நடனப் பள்ளியில் முன்பு ஆடியவள். முப்பத்தொரு வருஷம் அங்கே நான் கீபோர்டு வாசித்ததில் எத்தனையோ கால்கள் என்னைத் தாண்டிப் போயிருக்கின்றன, இவள் மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்தாள். மணிக்கொரு தரம் முடிந்ததா ஆன்ட்டி என்று மெசேஜ் அனுப்புவதால் அவளுக்கு அவசரம் என்று பெயர் வைத்திருக்கிறேன், உன் அப்பாவும் இப்போது அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார், நேரிலேயே. படம் ஒன்பது நிமிடம். ஒரு அக்காவும் தங்கையும் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறார்கள். தங்கை ஊரை விட்டுப் போக வேண்டும். முதல் பஸ் வருகிறது, ஏறவில்லை. இரண்டாவது வருகிறது, ஏறவில்லை. மூன்றாவதையும் விட்டுவிட்டு நாலாவதில் ஏறிப் போய்விடுகிறாள், அதற்குப் பிறகுதான் அக்கா பார்க்கிறாள், தங்கையின் குடை தன் கையிலேயே இருக்கிறது. அவ்வளவுதான் கதை. நான் என்ன செய்தேன், கிடைத்த வாத்தியத்தை எல்லாம் போட்டேன். வயலின், புல்லாங்குழல், டிரம்ஸ், பெயரே தெரியாத ஏதோ ஒரு மணி, மொத்தம் பதினான்கு டிராக். பஸ் வந்தால் ஒரு முழக்கம், போனால் ஒரு முழக்கம். அவசரம் கேட்டுவிட்டு, பஸ் ஸ்டாப்பில் இத்தனை பேர் நிற்கவில்லையே ஆன்ட்டி என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சொன்னது நியாயம், அதனால் பதின்மூன்றை அழித்துவிட்டு வெறும் பியானோவை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அந்தப் பியானோவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஏதாவது ஆபீசுக்குப் போன் செய்தால் காத்திருக்கச் சொல்லி ஒரு பாட்டுப் போடுவார்களே, அது மாதிரி இருக்கிறதாம். யோசித்துப் பார்த்தால் தப்பு எங்கே என்று புரிந்தது. எல்லா ஸ்வரத்தையும் தாளத்துக்கு நேராக இழுத்து நிறுத்துகிற ஒரு பொத்தானை நீ சொல்லிக்கொடுத்தாயே, ஆரம்பத்திலிருந்தே நான் எதை வாசித்தாலும் உடனே அதை அமுக்கிவிடுவேன். வீடு பெருக்கியதும் குப்பையை அள்ளுகிற மாதிரி பழகிவிட்டது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதை எடுத்துவிட்டு, நான் வாசித்தது வாசித்தபடி, ஸ்வரத்துக்கு ஒரு சின்னக் கட்டையாக, திரையில் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்த்தேன். இரண்டு கையும் சேர்ந்து விழ வேண்டிய இடங்களில் வலது கைக் கட்டைகள் கோட்டில் நிற்கின்றன, இடது கைக் கட்டைகள் கொஞ்சம் தள்ளி நிற்கின்றன. ஏதோ ஓரிடத்தில் இல்லை, எல்லா இடத்திலும். முதல் நிமிடத்தில் மயிரிழை, ஏழாவது நிமிடத்தில் கண்ணாடி போடாமலே தெரிகிற இடைவெளி. கீபோர்டு கெட்டுவிட்டது என்று அதைத்தான் முதலில் திட்டினேன். ஒயரைப் பிடுங்கி மாற்றினேன். பிறகு நீ ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சோதனை என்று பெயர் வைத்து என்னை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தாயே, இரண்டு வருஷத்துக்கு முன்னால், அதைத் தேடித் திறந்தேன். அதில் இரண்டு கையும் ஒரே கோட்டில் அணிவகுத்து நிற்கின்றன. அதே கீபோர்டு, அதே நாற்காலி. வாசித்தவள்தான் வேறு.

உன் அப்பாவைக் கூப்பிட்டு இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினேன். தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் கால் பவர் மாறினாலும் கண்டுபிடிக்கிற மனிதர், ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், “இப்பதான் உனக்குத் தெரியுதா?” என்றார். மாசக்கணக்காகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நடக்கும்போது என் இடது கை மட்டும் ஆடாமல் தொங்குகிறதாம். அதனால்தான் கொஞ்ச நாளாக இடது பக்கமே வந்து என் பையைப் பிடுங்கிக்கொண்டு நடந்திருக்கிறார், நான் வயதான காலத்தில் பாசம் பொங்குகிறது என்று கேலி செய்துகொண்டிருந்தேன். ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன், சொன்னால் நிஜமாகிவிடும் என்று பயந்தாராம். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் டாக்டரிடம் போக ஆள் வேண்டியிருந்ததால் பேசிவிட்டேன். டாக்டர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார், எந்தத் தாளத்தில் என்று கேட்டேன், அவர் சிரிக்கவில்லை. நடக்கச் சொன்னார். கையெழுத்து போகப் போகச் சின்னதாகிறதா என்று கேட்டார். நரம்பு டாக்டரைப் பாருங்கள், அவர் பார்க்காமல் நான் எந்தப் பெயரும் வைக்க மாட்டேன் என்றார். வருகிற செவ்வாய்க்கிழமைக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை என்ன செய்வது என்று தெரியாமல்தான் துணி மடித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன்.

இதற்கு நடுவில் வேடிக்கையைக் கேள். நேராக்காத அந்தப் பதிவை நான் தெரியாமல் நம் அவசரத்துக்கு அனுப்பிவிட்டேன், கை தவறி. அரை மணி நேரத்தில் ஓடிவந்துவிட்டாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. “வலது கை கிளம்பிடுது ஆன்ட்டி, இடது கைதான் போக மனசில்லாம பின்னாடியே வருது. அந்தத் தங்கச்சியேதான். இதை மட்டும் தொடாதீங்க” என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் சரிம்மா என்றேன். அவள் போன பிறகு அந்தப் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரே அமுக்கு, இரண்டு கையும் சேர்ந்துவிடும், யாருக்கும் தெரியாது, எனக்கும் மறந்துவிடும். அமுக்கவில்லை. அந்தக் குறையை அவள் பாராட்டியதில் எனக்குக் கோபம் இருந்தது, பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு படத்தோடு ஓட்டிப் பார்த்தேன், அந்தக் குடை தெரிகிற இடத்தை மட்டும் இன்னும் மூன்று தடவை ஓட்டினேன். அப்படியே கொடுத்துவிட்டேன், முடித்தாகிவிட்டது. உனக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன், நல்ல ஹெட்போனில் கேள், நீ வேலை பார்க்கிற கப்பல் கம்பெனி இரைச்சலுக்கு நடுவில் கேட்காதே. கேட்டுவிட்டு உடனே டிக்கெட் பார்க்காதே, வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று மாசம் இருக்கிறது, அதைக் கெடுத்துக்கொண்டு வந்தாயானால் உன்னை வாசலிலேயே நிறுத்திவிடுவேன்.

வேறு விசேஷம் இல்லை. கீழ்வீட்டுக்காரர் மறுபடி தண்ணீர்க் குழாயை மாற்றுகிறார், உன் அலமாரியை நான் திறக்கவில்லை, நீ கேட்ட சான்றிதழ் நீலக் கவரில் பத்திரமாக இருக்கிறது. இந்தக் கடிதத்தின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் வைத்து எழுத்து சின்னதாகியிருக்கிறதா என்று நீ பார்த்துச் சொல். உன் அப்பா அப்படியே இருக்கிறது என்கிறார், ஆனால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் பார்த்தார். இன்னொன்று, ஆரம்பத்தில் கடிதத்துக்குச் சொன்ன காரணம் பாதிதான். தபாலில் போட்டால் உனக்கு வந்து சேர்வதற்குள் செவ்வாய்க்கிழமை தாண்டிவிடும், அதற்குள் எதுவாக இருந்தாலும் தெரிந்திருக்கும், முன்கூட்டியே நீ தவிக்க வேண்டாமே என்று கணக்குப் போட்டேன். இவ்வளவு எழுதிய பிறகு அது பிடிக்கவில்லை. உன் அப்பா செய்ததையே நானும் செய்கிற மாதிரி இருக்கிறது. அதனால் தபாலில் போடவில்லை, இதைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து இன்றைக்கே உனக்கு அனுப்ப அவரிடம் சொல்கிறேன். செவ்வாய் காலை பத்து மணிக்கு நான் உள்ளே போகும்போது போனில் நீ இரு. ஒன்றும் பேச வேண்டாம், கூட இரு, போதும்.

திடமாக, மனநிறைவோடு, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று உன் தலையில் இரண்டு கையும் வைத்து ஆசீர்வதிக்கிறேன். இடது கை கொஞ்சம் தாமதமாக வந்து சேரும், அதுவரை தலையை எடுக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா