ஆயிரம் வாட்ஸ் ஸ்டிக்கர்

ஆகஸ்ட் 21, வியாழன்

சாயங்காலம் தம்பி டேவிட் தன் காருக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தான். காக்களூரில் நான் வேலை செய்யும் யூனிட்டில் தயாரானது. நான் தினமும் டெஸ்ட் செய்து ஸ்டிக்கர் ஒட்டும் அதே மாடல். ஸ்டிக்கரில் ஆயிரம் வாட்ஸ் என்று இருக்கும். என் மீட்டரில் அது பதின்மூன்று வோல்ட்டில் இருபத்தெட்டு ஆம்பியருக்கு மேல் இழுத்ததில்லை. உள்ளே போவதே முந்நூற்று அறுபத்து நாலு வாட்ஸ். அதிலும் பாதி சூடாகவே போய்விடும்.

"அக்கா, ஆயிரத்தப் பன்னெண்டால வகுத்தா எண்பத்து மூணு ஆம்பியர் வருது. கூட வந்த முப்பது ஃபியூஸு எப்படித் தாங்கும்? எண்பது வாங்கிப் போட்டுக்கினேன்" என்றான்.

வகுத்தது சரி. ஆயிரம்தான் பொய்.

அவன் இழுத்திருக்கும் வயர் மெல்லியது. எங்காவது உரசி ஷார்ட் ஆனால் எண்பது ஃபியூஸ் போகாது, வயர்தான் பற்றிக்கொள்ளும்.

"முப்பதே போதும்டா."

"ஸ்டிக்கர் ஒட்டறவ, உனக்கு இன்னாக்கா தெரியும்?" என்று சிரித்தான்.

எனக்குக் கோபம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. அம்மா சுட்ட தோசையைத் தின்றேன். அவன் குளிக்கப் போனதும் பானட்டைத் திறந்து ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இந்த நோட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

காலையில் பாட்டு வராது. யார் எடுத்தது என்று கேட்பான். நான்தான் என்று சொல்லிவிடலாம். அந்த ஆயிரம் பொய் என்று தெரிந்தே ஒட்டியதும் நான்தான் என்று எப்படிச் சொல்வது?